இன்டர்ன் டைரி: எம்பேரு எங்க தம்பி?

போன வாரம் ஆபீஸ் காபி மெஷின்கிட்ட நான் பட்ட பாட்டைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சீங்களாமே... நல்லாருங்க! இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் கம்மிதான். ஏன்னா இந்தத் தடவை நான் வாங்கினது பல்பு இல்ல, சீரியல் லைட்டு!

மேட்டர் இதுதான். ஒரு சாஃப்ட்வேர் டீம் வருஷக்கணக்கா வச்சிருந்த டேட்டாபேஸை விட்டுட்டு வேற ஒண்ணுக்கு மாறணும். எதுக்கு மாறலாம்? 'அட, இது டி.பி.எம்.எஸ் பேப்பர்ல வர்ற அஞ்சு மார்க் கேள்விதானே, ஒப்பிட்டு ஒரு டேபிள் போட்டா முடிஞ்சுது'ன்னு நினைச்சு கையைத் தூக்கினேன் பாருங்க... அங்கதான் சனி பிடிச்சுது.

முதல்ல நம்ம ஆபீஸ் பத்தி. கோயம்புத்தூர்ல ஒரு பேக்கரிக்கு மேல, மாடியில, ஏழு பேர் உக்காந்து பொட்டி தட்டுற குட்டி கம்பெனி. (அந்த ஏழுல நானும் உண்டு. டீ கணக்கு போடும்போது மட்டும் மறக்காம சேத்துப்பாங்க.) சீட்டு கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு தர்றதுதான் தொழில். மாசா மாசம் யார் எவ்வளவு கட்டினாங்க, ஏலத்துல சீட்டை எடுத்தது யாரு, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, எல்லாம் நம்ம பொட்டிக்குள்ள. எங்கம்மாவும் சீட்டு கட்டுறாங்கங்கறதால இந்த வேலை மேல எனக்கு ஒரு தனிப் பாசம்!

ஒரு திங்கட்கிழமை காலையில பிராஞ்ச்ல இருந்து போன். "புது ஆளைச் சேத்தா ஏத்துக்க மாட்டேங்குது சார்." திரையில வந்த எரர் ஓஆர்ஏ-12954. தமிழ்ல சொன்னா, 'தம்பி, உங்க டேட்டாபேஸ் 12 ஜி.பி-யைத் தாண்டப் பாக்குது, இதுக்கு மேல இடம் கிடையாது.'

நாங்க வச்சிருந்தது ஆரக்கிளோட இலவச எக்ஸ்பிரஸ் எடிஷன். காசே வேண்டாம், ஆனா 12 ஜி.பி டேட்டா, 2 ஜி.பி ராம், ரெண்டே ரெண்டு சிபியு திரெட். இதுல ஆரக்கிள் மேல ஒரு தப்பும் இல்ல. ரூல்ஸை வாசல்லயே எழுதி ஒட்டித்தான் வச்சிருக்கான். படிக்காம உள்ள போனது நாங்க. சரி, காசு குடுத்தே வாங்கிடலாம்னு பாத்தா, அவங்க விலைப்பட்டியல்ல ஸ்டாண்டர்ட் எடிஷன்-2 ஒரு பிராசஸர் சாக்கெட்டுக்கு 17,500 டாலர். அதுக்கு மேல வருஷா வருஷம் சப்போர்ட்டுக்கு 22 சதவிகிதம், அதாவது 3,850 டாலர். என்டர்பிரைஸ் எடிஷன் 47,500 டாலர். எங்க எம்.டி. அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, மூணாவது தடவையும் படிச்சார். தொகை மாறவே இல்ல!

எங்க லீட் அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, ஒரு வாரம் டைம். வேற எதுக்கு மாறலாம்னு பாத்துட்டு வா."

நான் சும்மா இருப்பேனா? ரூம்மேட் லேப்டாப்பையும் கடன் வாங்கி, நாலு நாள் ராத்திரி முழுக்க உக்காந்து, பதினோரு காலம் வச்ச ஒரு டேபிள், கலர் கலரா கிராஃப், முப்பது ஸ்லைடு! என்னோட ஹீரோ மாங்கோ டிபி. மேடையில ஏறினா கைத்தட்டு நிச்சயம்னு இருந்தேன்.

அக்கா மூணாவது ஸ்லைடுலயே நிறுத்திட்டாங்க. "அந்த 12 ஜி.பி-ல என்ன இருக்கு?"

ஙே!

மாத்தப் போற டேட்டாபேஸ்கள் அத்தனையும் பாத்தவன், மாத்த வேண்டிய டேட்டாபேஸைத் திறந்தே பாக்கல. அப்புறம் திறந்து பாத்தா, பெரும்பகுதி சீட்டுக் கணக்கே இல்லீங்க. ஸ்கேன் பண்ணின ரேஷன் கார்டு, ஜாமீன்காரர் போட்டோ, கையெழுத்து போட்ட பத்திரம்... அத்தனையும் படமா டேபிளுக்குள்ளயே திணிச்சு வச்சிருக்கு. பீரோவுல நகை வைக்கிற லாக்கருக்குள்ள பழைய பேப்பரை அடுக்கி வச்சுட்டு, 'லாக்கர் பத்தல, வேற வீடு பாக்கணும்'னு சொல்ற கதை! படங்களை ஒரு ஃபோல்டருக்கு நகர்த்திட்டு, அது எங்க இருக்குங்கற விலாசத்தை மட்டும் டேபிள்ல வச்சோம். டேட்டாபேஸ் உள்ளங்கை அளவுக்கு சுருங்கிடுச்சு. பிராஞ்ச்ல அன்னிக்கு சாயந்திரமே புது ஆளைச் சேத்துட்டாங்க.

'அப்போ மாற வேண்டாமே?'ன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். வேண்டாம்னு இல்ல, அவசரம் இல்லன்னாங்க அக்கா. அந்த இலவச எடிஷனுக்கு பேட்ச் எதுவும் வராது. பிராஞ்ச் கூடக் கூட 2 ஜி.பி ராம் மூச்சு வாங்கும். ஆனா தீ பிடிச்ச வீட்டுல இருந்து ஓடுற மாதிரி ஓடாம, நல்ல நாள் பாத்து குடி போகலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அக்காவுக்கு கோயில் கட்டலாம்!

ரெண்டாவது கேள்வி: "ஏலம் எப்படி நடக்கும்னு தெரியுமா?"

தெரியாத மாதிரி முழிச்சேன். ஒரு லட்ச ரூபாய் சீட்டு. 20 பேர், ஆளுக்கு மாசம் 5,000. ஏலத்துல ஒருத்தர் 20,000 தள்ளி, 80,000-க்கு எடுக்கிறார்னு வைங்க. கமிஷன் 5 சதவிகிதம், அது 5,000. மிச்சம் 15,000-ஐ 20 பேருக்கும் பிரிச்சா தலைக்கு 750. இப்ப டேட்டாபேஸ்ல எத்தனை வரி எழுதணும்? இருபது பேருக்கு தள்ளுபடி, எடுத்தவருக்குப் பட்டுவாடா ஒண்ணு, கமிஷன் ஒண்ணு. ஆக 22. பதினஞ்சாவது வரி எழுதும்போது கரன்ட் போயிட்டா? பதினாலு பேருக்கு 750 வரவு, ஆறு பேருக்கு நாமம்! அதனால எழுதினா 22-ம் எழுதணும், இல்லேன்னா ஒண்ணுகூட எழுதக் கூடாது. டிரான்சாக்ஷன், டிரான்சாக்ஷன்னு புக்குல மனப்பாடம் பண்ணினோமே, அது இதுதான். எனக்கு அது புரிஞ்சது வைவாவுல இல்ல, பேக்கரி மாடியில.

மாங்கோ டிபி-யால இது முடியாதான்னா முடியும். 2018-ல வந்த 4.0-லேர்ந்தே பல ஆவணங்களுக்கு ஒரே டிரான்சாக்ஷன் போடலாம். ஆனா எங்க டேட்டா பிறவியிலயே கட்டம் போட்ட லெட்ஜர். கட்டத்தைக் கலைச்சு வேற வடிவத்துல வச்சுட்டு, மறுபடி ரிப்போர்ட் எடுக்கிறப்ப கட்டம் கட்டுறதுல என்ன லாபம்? என் ஹீரோ இன்டர்வலுக்கு முன்னாடியே அவுட். (தப்பு அவர் மேல இல்ல, படத்துக்கு அவர் செட் ஆகல. அவ்ளோதான்.)

எஸ்கியூலைட் ரொம்ப நல்ல பையன். 2000-ல ரிச்சர்ட் ஹிப் எழுதினது, யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. உங்க ஆண்ட்ராய்ட் போன்லயும் இருக்கு. ஆனா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும். நாலு பிராஞ்ச்ல நாலு கவுன்டர்ல ஒரே சமயத்துல பணம் வாங்குற இடத்துக்கு அவனைக் கூப்பிடுறது பாவம்.

ஓனர் யாரு சார்?

அக்காவோட மூணாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "இதுக்கெல்லாம் ஓனர் யாரு? நாளைக்கு அவர் மனசு மாறினா நம்ம கதி என்ன?"

தோண்டினா மெகா சீரியல் மாதிரி போகுதுங்க. மைஎஸ்கியூஎல்-ல இருக்கிற 'மை' இங்கிலீஷ் 'மை' இல்ல, அதை உருவாக்கின மைக்கேல் வைடினியஸோட பொண்ணு பேரு! 2008-ல அந்தக் கம்பெனியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2010-ல சன்னை ஆரக்கிள் வாங்குச்சு. அதாவது ஆரக்கிள்லேர்ந்து மூட்டை கட்டிக்கிட்டு மைஎஸ்கியூஎல் வீட்டுக்குக் குடி போனா, வாடகை வாங்க வர்றது அதே ஓனர்! (வாடகைன்னு பேச்சுக்குச் சொன்னேன். கம்யூனிட்டி எடிஷன் இலவசம்தான்.) இதை முன்னாடியே மோப்பம் பிடிச்ச வைடினியஸ், 2009-லயே ஒரு கிளை பிரிச்சு மரியா டிபி ஆரம்பிச்சார். மரியா யாருன்னு கேக்குறீங்களா? அவரோட சின்னப் பொண்ணு. நல்லவேளை, நம்மூர் ஆளா இருந்தா குலதெய்வம் பேரு வச்சிருப்பார்.

மாங்கோ டிபி 2018 அக்டோபர்ல லைசென்ஸை மாத்துச்சு. ரெடிஸ் 2024 மார்ச்ல மாத்துச்சு. மாத்தின சில நாள்லயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழல்ல வால்கீ-ன்னு ஒரு கிளை முளைச்சுது. அப்புறம் 2025 மே-யில ரெடிஸ் மறுபடி திறந்த மூல லைசென்ஸ் ஒண்ணையும் சேத்துக்கிச்சு. எங்க மாதிரி குட்டி கம்பெனிக்கு இந்த மாற்றத்தால நேரடியா ஒண்ணும் குறைஞ்சிடாது. ஆனா ஒரு தடவை ரூல்ஸ் மாத்தின ஹாஸ்டல் வார்டன், அடுத்த தடவையும் மாத்துவார்ங்கற பயம் இருக்குமா, இருக்காதா?

போஸ்ட்கிரஸ் கதை வேற மாதிரி. 1986-ல பெர்க்லி யுனிவர்சிட்டியில மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆரம்பிச்ச ஆராய்ச்சி புராஜெக்ட். அதுக்கு முன்னாடி அவர் செஞ்சது இங்கிரஸ். அதுக்கு அடுத்ததுங்கறதால போஸ்ட்கிரஸ். (இவருக்கு 2014-ம் வருஷத்து டூரிங் விருது கிடைச்சுது.) ஆனா அந்த புராஜெக்டுக்கு எஸ்கியூஎல் தெரியாது! 1994-ல ஆண்ட்ரூ யூ, ஜாலி சென்னு ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் உக்காந்து அதுக்கு எஸ்கியூஎல் சொல்லிக்கொடுத்தாங்க. ஆமாங்க, நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸ்! 1996-ல பேரு போஸ்ட்கிரஸ்கியூஎல் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தம்னு கிடையாது, உலகம் முழுக்க இருக்கிற ஆளுங்க சேந்து நடத்துறாங்க.

இங்க நான் ஒரு பிரம்மாஸ்திரம் விட்டேன். "அக்கா, அமேசானே மாறிட்டான்!" உண்மைதான். ஆரக்கிள்ல இருந்த கிட்டத்தட்ட 7,500 டேட்டாபேஸ், 75 பெட்டாபைட் டேட்டா, அத்தனையையும் தன்னோட சொந்த சர்வீஸ்களுக்கு மாத்தி முடிச்சதா 2019 அக்டோபர்ல அறிவிச்சாங்க. அக்கா சிரிச்சுட்டு, "உபர் கதை தெரியுமா?"ன்னாங்க. உபர் 2013-ல மைஎஸ்கியூஎல்-ல இருந்து போஸ்ட்கிரஸுக்கு வந்துச்சு. 2016-ல 'இந்தந்த காரணத்தால போஸ்ட்கிரஸ்லேர்ந்து மைஎஸ்கியூஎல்-க்குத் திரும்பிட்டோம்'னு விலாவாரியா எழுதுச்சு. ரெண்டு தடவையும் அவங்களுக்கு அது சரிதான். "அவங்க வண்டியில ஏறினா அவங்க ஊருக்குத்தான் போகும் தம்பி." அதுக்கு மேல நான் ஏன் பேசுறேன்?

கடைசியில போஸ்ட்கிரஸ்தான். என் பதினோரு காலம் டேபிள்ல இல்லாத ரெண்டு காரணத்துக்காக. எங்க நூத்துக்கணக்கான புரொசீஜர் எல்லாம் பிஎல்-எஸ்கியூஎல்-ல இருக்கு. போஸ்ட்கிரஸோட புரொசீஜர் மொழி அதுக்கு சித்தப்பா பையன் மாதிரி, முகஜாடை ஒத்துப்போகும். இன்னொண்ணு, டீம்ல இருக்கிற சீனியர் அண்ணன் முந்தின கம்பெனியில நாலு வருஷம் போஸ்ட்கிரஸ் பாத்துக்கிட்டவர். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா எழுந்து வரப்போறது கிராஃப் இல்ல, அண்ணன்.

கிருஷ்ணமூர்த்-க்கு 'தி' கிடைச்ச கதை

ஓரா2பிஜி-ன்னு ஒரு இலவச டூல் இருக்கு. ஆரக்கிள் டேட்டாபேஸை மேஞ்சு பாத்து, மாத்துறதுக்கு எவ்வளவு வேலைன்னு ரிப்போர்ட் கார்டு குடுக்கும். 'ஏ'ன்னா தானாவே மாத்திக்கலாம், 'பி'ன்னா அஞ்சு ஆள்-நாளுக்குள்ள, 'சி'ன்னா அதுக்கு மேல. எங்களுக்கு வந்தது 'சி'. அரியர் வச்ச பய எனக்கு 'சி' பாத்தா பயமா வரும்?

மாத்துறப்ப ஒரு இனிமையான கண்டுபிடிப்பு. எங்க பழைய டேபிள்ல பேருக்கு 40-ன்னு இடம் விட்டிருந்தாங்க. 40 எழுத்துன்னுதானே நினைப்பீங்க? ஆரக்கிள்ல தனியா சொல்லலேன்னா அது 40 பைட். யூனிகோட்ல தமிழோட ஒவ்வொரு குறியும் 3 பைட் சாப்பிடும். அதுவும் 'கி'ன்னா 'க' ஒண்ணு, மேல போடுற கொக்கி ஒண்ணு. கிருஷ்ணமூர்த்தி நம்ம கண்ணுக்கு எட்டு எழுத்து, டேட்டாபேஸுக்கு 15 குறி, 45 பைட். 40-க்குள்ள நிக்குறது 13 குறிதான். அதனால கவுன்டர்ல டைப் அடிச்சவங்க கடைசி 'தி'யை விட்டுட்டாங்க. ஊர்ல இருக்கிற கிருஷ்ணமூர்த்தி எல்லாம் வருஷக்கணக்கா ரசீதுல 'கிருஷ்ணமூர்த்'! போஸ்ட்கிரஸ்ல 40-ன்னா 40 குறி. எல்லாருக்கும் 'தி' திரும்பக் கிடைச்சுது. கும்பிட்டு வாங்கிக்கிட்டாங்களோ இல்லையோ, எனக்கு ஒரு பெருமை.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோட் வரிசையில ந-க்கு அடுத்து ன, ர-க்கு அடுத்து ற வந்துடும். அதனால பேர்ப் பட்டியல்ல 'பன்னீர்' முன்னாடியும் 'பழனி' பின்னாடியும் நிப்பாங்க. நம்ம அகரவரிசைப்படி ழ-க்குப் பின்னாடிதான் ன. ரெண்டாம் கிளாஸ் வாத்தியார் பாத்தா பிரம்பை எடுப்பார். போஸ்ட்கிரஸ்ல, 2017-ல வந்த 10-ம் பதிப்புலேர்ந்து, ஐ.சி.யு-ங்கற யூனிகோட் நூலகத்தோட தமிழ் வரிசையைப் பயன்படுத்தலாம். (ஐ.சி.யு-ன்னதும் எங்க எம்.டி. பதறிட்டார். ஆஸ்பத்திரி இல்ல சார்னு சொல்லி உக்கார வச்சோம்.) பழனி முன்னாடி வந்துட்டார்.

இப்படி எல்லாம் கைகூடி வந்த நேரத்துலதான்...

ஒரு பிராஞ்ச்ல மட்டும் ஒரு நாள் ரசீதைப் புது சிஸ்டத்துல இருந்து குடுத்துப் பாக்கலாம், பழசும் பக்கத்துலயே ஓடட்டும்னு முடிவாச்சு. வேடிக்கை பாக்க என்னை அனுப்பினாங்க. காலையில பத்து மணிக்கு கவுன்டர் திறந்தது. கூட்டம். பிரின்டர் கடகடன்னு ஓடுது. எனக்கு தலை கால் புரியல, என் முதல் 'லைவ்'! வீட்டுக்கு போட்டோ எல்லாம் அனுப்பிட்டேன்.

பதினொன்றரை மணி வாக்குல ஒரு அம்மா. பூக்கடை வச்சிருக்காங்களாம், கையில நார் வாசம். அஞ்சாயிரம் கட்டிட்டு ரசீதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போய் பாத்துட்டு, என்கிட்ட நீட்டினாங்க.

"எம்பேரு எங்க தம்பி?"

வாங்கிப் பாத்தேன். சீட்டு நம்பர் இருக்கு. தேதி இருக்கு. ரூ.5,000 இருக்கு. சீல் இருக்கு. பேரு இருக்க வேண்டிய இடம் வெள்ளையா இருக்கு.

"நான் அஞ்சு வருசமா கட்டுறேன். நாளைக்கு ஒண்ணுன்னா இந்தக் காயிதம் தானே எனக்கு? இதுல நான் இல்லியே!"

கை நடுங்கிடுச்சுங்க. எல்லா பைலையும் புரட்டினோம். அதுக்கு முன்னாடி பதினோரு ரசீது பேரில்லாம வெளிய போயிருக்கு. யாரும் கவனிக்கல. தொகை சரியா இருக்கான்னு பாத்தாங்க, மடிச்சு பர்ஸுல வச்சாங்க, போயிட்டாங்க.

காரணம் கேட்டா காறித் துப்புவீங்க. ரசீதுல பேரு எப்படி வரும்னா இனிஷியல், ஒரு இடைவெளி, அப்புறம் பேரு, மூணையும் ஒட்டினா வரும். ஆரக்கிள்ல இனிஷியல் காலி, அதாவது 'நல்'லா இருந்தாலும் மிச்சம் ஒட்டிக்கும். போஸ்ட்கிரஸ்ல ஒட்டுற துண்டுல ஒண்ணு 'நல்'லுன்னாலும் மொத்தமும் 'நல்'. 'தெரியாததோட எதைச் சேத்தாலும் தெரியாததுதான்'ங்கறது அதோட நியாயம். எஸ்கியூஎல் விதிப்படி போஸ்ட்கிரஸ் பண்றதுதான் சரியும்கூட. இனிஷியல் எழுதாதவங்க பேரு மொத்தமா காணாமப் போயிடுச்சு. அந்த ஓரா2பிஜி டூல் சொல்லலையான்னு கேக்காதீங்க. அது மேஞ்சது டேட்டாபேஸை. ரசீது அடிக்கிற வரி அப்ளிகேஷனுக்குள்ள இருந்துச்சு. அதை மாத்தினது அடியேன். டெஸ்ட் பண்ணினதும் அடியேன்தான். டெஸ்டுக்காக நான் உருவாக்கின அம்பது உறுப்பினர்ல அம்பது பேருக்கும் இனிஷியல் வச்சிருந்தேன். இனிஷியல் இல்லாம ஒரு ஆள் இருப்பாங்கன்னே எனக்குத் தோணல.

"ஏம்மா இனிஷியல் குடுக்கல?"ன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். "அப்பா பேரா, ஊட்டுக்காரர் பேரான்னு அன்னிக்குக் கேட்டாங்க. ரெண்டு பேரும் இல்ல. எம்பேரு போதும்னேன்." அந்தப் பன்னெண்டு ரசீதுல பத்து, பெண்கள் பேருல இருந்தது.

கிளார்க் அண்ணன் ரசீதுல பேனாவால பேரை எழுதி, பக்கத்துல கையெழுத்தும் சீலும் போட்டுக் குடுத்தார். மத்த பதினோரு பேருக்கும் போன். மூணு பேர் வீட்டுக்கு நானே வண்டி எடுத்துட்டுப் போய் ரசீதை மாத்திக் குடுத்துட்டு வந்தேன்.

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் நல்லவன். அன்னிக்கு ராத்திரி யாரையும் கேக்காம ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். 'நல்'லுதானே பிரச்னை? 'நல்'லா இருக்கிற எல்லாத்தையும் வெறும் சரமா, எழுத்தே இல்லாத எழுத்தா, மாத்திட்டா ஒட்டிக்குமே! ஒரே ஸ்கிரிப்ட், எல்லா காலமும். பேரு எல்லாம் டாண்ணு வந்துடுச்சு. நிம்மதியா தூங்கினேன்.

காலையில சீனியர் அண்ணன், "நாமினி குடுக்காதவங்க லிஸ்ட் சைபர்னு வருது. ஒரே ராத்திரியில எல்லாரும் குடுத்துட்டாங்களா?"ன்னார். ஆரக்கிளுக்கு வெறும் சரமும் 'நல்'லும் ஒண்ணேதான். போஸ்ட்கிரஸுக்கு ரெண்டும் வேற வேற. 'நல்'லா இருக்கிற நாமினியைத் தேடுற ரிப்போர்ட்டுக்கு, வெறும் சரம் 'குடுத்துட்டாங்க'ன்னு தெரிஞ்சிருக்கு. சீட்டு கட்டுறவர் இறந்துட்டா பணம் யாருக்குப் போகணும்னு கேட்டு போன் பண்றதுக்கான லிஸ்ட் அது. அண்ணன் திட்டவே இல்ல. முந்தின நாள் சாயந்திரம் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிட்டு, காலியா இருந்தா அந்தத் துண்டை மட்டும் விட்டுட்டு ஒட்டுற ஃபங்ஷன் ஒண்ணு போஸ்ட்கிரஸ்லயே இருக்குன்னு காட்டினார். ஃபார்ம்ல காலியா விட்ட பெட்டி 'நல்'லாத்தான் உள்ள போகணும்னு அப்ளிகேஷன்லயும் ஒரு வரி. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

இதுல பெரிய கடுப்பு என்னன்னா, அப்புறம்தான் படிச்சேன்: மரியா டிபி-ல 2018-ல வந்த 10.3-லேர்ந்து ஆரக்கிள் மாதிரி நடந்துக்கிற ஒரு மோடே இருக்கு! வெறும் சரத்தை 'நல்'லா எடுத்துக்க தனி சுவிட்சும் இருக்கு. அதுக்கு மாறியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காதோ? அக்காகிட்ட கேட்டேன். "சுவிட்சைப் போட்டா ஆரக்கிளோட பழக்கத்தைக் காலம் முழுக்கத் தூக்கிட்டுத் திரியணும். இப்பவே விட்டுடுறது நல்லது"ன்னாங்க. எனக்கு இன்னும் முழுசா சமாதானம் ஆகல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க.

அண்ணன் அந்தப் பேக்கப்பைக் கண்ணை மூடிட்டு எடுத்ததுக்கு ஒரு காரணம் உண்டு. 2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லேப்ல ஒரு இன்ஜினீயர் தப்பான சர்வர்ல டேட்டா ஃபோல்டரை அழிச்சுட்டார். அவங்களும் போஸ்ட்கிரஸ்தான். சுமார் 300 ஜி.பி-ல மிஞ்சினது 4.5 ஜி.பி. பேக்கப் எடுத்துப் பாத்தா, பதிப்பு ஒத்துப்போகாம பேக்கப்பே பல நாளா எடுக்கப்படல! ஆறு மணி நேரம் முந்தின ஒரு காப்பி தற்செயலா இருந்ததால தப்பிச்சாங்க. அதை மறைக்காம எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதியும் வச்சாங்க, அதுக்கு ஒரு சல்யூட். அந்தக் கதையைப் படிச்ச அன்னிலேர்ந்து எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு பழைய லேப்டாப்ல பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி, மொத்த வசூலைக் கூட்டிப் பாக்கணும். அந்த ஆணி என் தலையில. சினிமாவுக்குக் கூப்பிடுறவங்க வெள்ளி ஏழு மணிக்கு மேல கூப்பிடவும்.

போன மாசம் எல்லா பிராஞ்சும் புது சிஸ்டத்துக்கு வந்தாச்சு. என் டெஸ்ட் லிஸ்ட்ல இப்ப இனிஷியல் இல்லாதவங்க, ரெண்டு இனிஷியல் வச்சவங்க, ஒரே எழுத்துல பேரு வச்சவங்க, நாமினி சொல்லாதவங்கன்னு எல்லாரும் இருக்காங்க. உறுப்பினர் ஃபார்ம்ல இனிஷியல் பெட்டிக்குப் பக்கத்துல 'கட்டாயம்'னு ஒரு சிவப்பு நட்சத்திரம் போடலாம்னு நான் சொன்னேன், பிரச்னை அடியோட தீருமேன்னு. அக்கா முடியவே முடியாதுன்னுட்டாங்க.

போன வாரம் பிராஞ்சுக்குப் போனப்ப அந்தப் பூக்கார அம்மா வந்திருந்தாங்க. ரசீதை வாங்கி முதல்ல பேரைத்தான் பாத்தாங்க. பாத்துட்டு, கூடையில இருந்து ஒரு முழம் மல்லி எடுத்து, "உங்கம்மாகிட்ட குடு"ன்னாங்க.

அடுத்த வாரம் பிளேஸ்மென்ட் சீசன், கடன் வாங்கின டை, முதல் குரூப் டிஸ்கஷன். வர்ட்டா மக்களே!